அம்மாவை போஸ்டர் அடித்த மாமாவுக்கு

திருநகர் அருகில்,
19.5.2003

பேரையூரில் போஸ்டர் அச்சகம் நடத்தும் தாய்மாமன் சோணை அவர்களுக்கு, மருமகன் சூரியபிரகாஷ் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே அத்தையும் பிள்ளைகளும் அச்சு மிஷினும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

காலனிக்காரர்கள் சங்கத்தின் விளையாட்டு அரங்கத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பொது நிலத்தில் பொதுப் பணத்தில் கட்டியது. பூட்டு மட்டும் சங்கத்துடையது. மாதம் நூற்றைம்பது ரூபாய் கட்டினால் அந்தப் பூட்டு திறக்கும். எங்கள் காம்பவுண்டில் இருக்கும் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் விளையாட்டு என்றால் அரங்கத்துச் சுவருக்கு வெளியே நின்று பந்துச் சத்தம் கேட்பதுதான். பணம் இருக்கிறவன் ஓய்வெடுத்தால் அது உடற்பயிற்சி, உழைக்கிறவன் ஓய்வெடுத்தால் அது சோம்பேறித்தனம் என்று எவன் எழுதிவைத்தது? இந்தக் கோபத்தில்தான் சங்கத்துக்கு மனு எழுதினேன். கோபத்தில் எழுதும்போது கை கொஞ்சம் நீண்டுவிடுகிறது மாமா. 'ஒரு வேளைக் கஞ்சிக்கும் வழியற்ற பன்னிரண்டு குடும்பங்கள்' என்று எழுதிவிட்டேன். அதை எழுதும்போது அடுப்பில் அயிரை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

செயலாளர் ராமமூர்த்தி சார் நல்ல மனிதர். மனுவைப் படித்துக் கண்கலங்கி, சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை எங்கள் காம்பவுண்டுக்குச் சலுகை நேரம், தலைக்கு இரண்டு ரூபாய் என்று முடிவு செய்தார். அம்மா முதல் நாள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். அங்கே மூலையில் ஒரு ரப்பர் வளையம் கிடந்தது. பகல் முழுக்க அப்பளக் கம்பெனியில் உட்கார்ந்து வட்டம் வட்டமாகத் தேய்க்கிறவள், அந்த வளையத்தை எடுத்து வலைக்கு மேலே ஒரு எறி எறிந்தாள் பாருங்கள், அந்தப் பக்கம் நின்ற செயலாளரின் மனைவி சுந்தரவல்லி அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிவைக்கும்வரை அம்மாதான் பள்ளிக்கூடத்து வளையப்பந்தில் முதல் ஆள் என்றும், வேலிக்கு வெளியே போகும் வளையத்தை ஓடிப்போய்ப் பொறுக்கித் தருவது உங்கள் வேலை என்றும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் பாயிண்ட் எடுத்ததும் அவள் "ஏய்ய்!" என்று கத்தினாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு இருப்பது அப்பாவுக்கே தெரியாது. மூன்று வாரம், தினமும் ஐந்து மணிக்கு, அம்மாவுக்கு இடுப்புவலி இல்லை.

அப்போதுதான் நீங்கள் போன் செய்தீர்கள். "மாப்ள, இம்புட்டு நல்லது நடந்திருக்கு, செவுத்துல வர வேணாமா? அந்த மனுவ அனுப்பு, நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். நம் ஆட்களுக்குக் காதுகுத்தோ கட்சிப் பதவியோ, சுவரில் ஒட்டினால்தான் நடந்த மாதிரி. நானும் அனுப்பினேன். அது என் முட்டாள்தனம். ஆனால் மாமா, போஸ்டரில் ராமமூர்த்தி சாரைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துக் கையில் செங்கோல் கொடுத்தது உங்கள் சொந்த யோசனை. 'கஞ்சிக்கும் வழியற்றோருக்கு விளையாட்டுப் பிச்சையிட்ட வள்ளலே' என்று எழுதி, அதற்குக் கீழே எங்கள் பன்னிரண்டு வீட்டுப் பெயரையும் வரிசையாகப் போட்டு, நடுவில் பாசத்தோடு அம்மாவின் போட்டோவைப் பெரிதாகப் போட்டீர்கள். எந்த போட்டோ? பாண்டீஸ்வரி அக்கா கல்யாணத்தில் எடுத்தது. பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, தலை நிறைய மல்லிகை. அந்தக் கோலத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் அம்மா, திருமங்கலம் ரோட்டிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் சுவர் சுவராகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கம்பெனியில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "என்ன அன்னக்கொடி, கஞ்சிக்கே வழியில்லேங்குற, கழுத்துல அம்புட்டுக் கெடக்கு?" அம்மா, "அது இரவல் நகைடி" என்று சொல்ல வேண்டியதாயிற்று. கஞ்சியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஊருக்குத் தெரியாமல் இரவல் வாங்கிப் போட்டு மகள் கல்யாணத்தில் நிமிர்ந்து நின்றதை, அவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டோம் மாமா, நீங்களும் நானும் சேர்ந்து.

அதற்கப்புறம் காம்பவுண்டில் யாரும் ஐந்து மணிக்கு வெளியே வரவில்லை. எல்லோரும் தாங்கள் ஏழை இல்லை என்று நிரூபிப்பதில் மும்முரமாகிவிட்டார்கள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டிச் சம்பாதித்ததில் கறி எடுத்துவந்து, தின்ற எலும்பையெல்லாம் வாசலில் தெரிகிற மாதிரி குவித்துவைத்தார். பக்கத்து வீட்டு நல்லகாமன் அண்ணன் எங்கிருந்தோ ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டி வாங்கிவந்து வாசல் திண்ணையில் நிறுத்தினார். உள்ளே ஃபிரிட்ஜ் இல்லை, கோழி அடைந்தது. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு போஸ்டரைச் சுரண்டப் போனேன். எனக்கு முன்னால் ஒரு மாடு மைதாப் பசைக்காக அதை நக்கித் தின்றுகொண்டிருந்தது. உங்கள் போஸ்டரால் பசியாறிய ஒரே ஜீவன் அதுதான். செங்கோல் பிடித்த ராமமூர்த்தி சாரோ, வெட்கப்பட்டு மூன்று நாள் பால் வாங்கக்கூட வெளியே தலைகாட்டவில்லை. நான்காம் நாள் வந்து, "தம்பி, ஞாயித்துக்கிழமைக்குள்ள யாரும் வரலைன்னா அந்த நேரத்த யோகா கிளாசுக்குக் குடுத்துருவாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "யோகாவே பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இடுப்புவலி திரும்ப வந்திருந்தது.

சனிக்கிழமை சுந்தரவல்லி அம்மா கையில் வளையத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு வாரமா செவுத்துல எறிஞ்சு நானே பிடிக்கிறேன் அன்னக்கொடி. செவுரு ஒரு தடவைகூடத் தோக்க மாட்டேங்குது."

"நாங்க கஞ்சிக்கு வழியில்லாதவுகக்கா. எங்க கூட என்ன வெளையாட்டு?"

"இருபத்தொன்னுக்கு ஏழுன்னு என்னத் தோக்கடிச்சியே, அது கஞ்சி குடிக்காதவ எறியிற எறியா? இந்தா பாரு, சலுகை நேரம்ங்கிற போர்ட எடுக்கச் சொல்லிட்டேன். அஞ்சு மணிக்கு எவரு வந்தாலும் ரெண்டு ரூவா. செயலாளர் பொண்டாட்டிக்கும் ரெண்டு ரூவாதான்."

"சார் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கலைன்னா இன்னிக்கு அவருக்குத்தான் கஞ்சிக்கு வழியிருக்காது."

அம்மா சிரித்துவிட்டாள். ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. எனக்கு மட்டும் கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஏழை என்று கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே போங்கள் என்று நான் மனுவில் கேட்டிருந்தேன். யாரிடமும் எதையும் கேட்காமல் கதவைத் திற என்று அந்த அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். நேற்று ஞாயிற்றுக்கிழமை எட்டுக் குடும்பங்கள் வந்தன. நான்கு வீடுகள் இன்னும் வரவில்லை, கோபம் ஆறவில்லை. காலனியிலிருந்தும் ஏழு பேர் இரண்டு ரூபாயோடு வரிசையில் நின்றார்கள். ராமமூர்த்தி சார் முதல் ஆளாக நின்று டிக்கெட் வாங்கினார். யோகா மாஸ்டர் காலை நேரத்துக்கு மாறிக்கொண்டார்.

ஆகவே மாமா, கையெடுத்துக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் யார் பாஸானாலும், பிறந்தாலும், போய்ச் சேர்ந்தாலும் இனி ஒரு சுவரிலும் ஒரு வரிகூட வரக் கூடாது. எங்களை எங்கள் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். அத்தைக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு அம்மாவின் ஆசியையும், அச்சு மிஷினுக்கு நீண்ட ஓய்வையும் கோரி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் பாதி ஆறிய மருமகன்
சூரியபிரகாஷ்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் அம்மா இந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "எனக்கு வளையம் பொறுக்கிப் போட்டவன்டா அவன், அவனையா இம்புட்டு ஏசுற?" என்று என்னைத்தான் ஏசினாள். வரும் ஞாயிறு தல்லாகுளத்திலிருந்து ஒரு ஜோடி, அம்மாவையும் சுந்தரவல்லி அம்மாவையும் எதிர்த்து ஆட வருகிறது. நாற்பது போஸ்டர் அவசரம். வெள்ளிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். அதே போட்டோவே இருக்கட்டுமாம். கழுத்து நகையை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். பட்டுச்சேலை அவளுடையதுதான், அது இருக்கலாம். ராமமூர்த்தி சார் கையில் செங்கோல் கொடுத்த மாதிரி, அம்மா கையில் ஒரு வளையத்தைக் கொடுத்துவிடுங்கள் மாமா.