கிணற்றடியில் கேட்ட கேள்வி

மனிதன் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இது புரிவதற்கு நான் ஈரத்துண்டோடு பொன்னேரி ரயில் நிலையத்தில் நிற்க வேண்டியிருந்தது.

ஐம்பதுகளில் ஒரு வருஷம் மழை பொய்த்து, நெல் வரத்து நின்று, நான் வேலை பார்த்த அரிசி ஆலையை மூடிவிட்டார்கள். வீட்டில் தின்று தூங்கி எழுந்தேன். அப்போது நூல்நிலைய ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பேச்சாளர், மனம் தளராமலிருக்க வழி சொன்னார். தினமும் காலையில் மூன்று கேள்விகளை உரக்கக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம்: நேற்று உருப்படியாக என்ன செய்தாய்? எதற்குப் பயப்படுகிறாய்? உன்னை நம்பி யார் இருக்கிறார்கள்? கேட்டால் போதும், பதில் தானாக வருமாம்.

மறுநாளே கிணற்றடியில் ஆரம்பித்துவிட்டேன். (ஒலிபெருக்கி வைத்திருந்தால் மீஞ்சூர் வரை கேட்டிருக்கும்.) அம்மா பயந்துபோனாள்.

"இன்னாடா, யாரு கூட பேசிக்கினு கீறே?"

"என் கூடத்தான்."

"வேற ஆளே கெடைக்கலயா?"

தினமும் கேட்டும் என் கேள்விகளுக்குப் பதில் எதுவும் வரவில்லை. ஒரு நாள், எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பாதான் வந்தார்.

பெண் சரோஜா. கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாணப் பந்தியில், நான் கேட்காமலே எனக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றியவள். அன்று முதல் எனக்கு வேறு பெண் கண்ணில் படவில்லை. அவள் அப்பா மளிகைக் கடைக்காரர். ஆலை திறந்ததும் எனக்கு வேலை வந்துவிடும் என்று நம்பினார். ஆனால் சகுனத்தை அதைவிட அதிகமாக நம்பினார். சம்பந்தம் பேசப் போகிற வீட்டு வாசலில் கண்ணை மூடி நிற்பார். உள்ளேயிருந்து காதில் விழும் முதல் பேச்சு அவருக்குக் கடவுள் வாக்கு.

அவர் வந்து நின்றது எனக்குத் தெரியாது. தலை நிறைய சீயக்காயைத் தேய்த்துக்கொண்டு, அன்றைக்கென்று பார்த்து மூன்றாவது கேள்வியில் தொடங்கினேன்.

"டேய், உன்ன நம்பி யாருடா கீறாங்க?"

எப்போதும் இல்லாத திருநாளாகப் பதிலும் சொன்னேன்.

"ஒருத்தனும் இல்ல!"

அம்மா ஓடிவந்தாள். "பாவி! பொண்ணோட அப்பா வாசல்லயே திரும்பிப் போய்ட்டாருடா!"

இடுப்புத் துண்டோடு கடைத்தெரு வழியாக ஓடினேன். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் கத்தரிக்காயை மறந்தார்கள். அவர் நடைமேடையில் ரயிலுக்காக நின்றிருந்தார்.

"ஐயா! போவாதீங்க!"

"இன்னா செய்யறது தம்பி, கடவுள் வாக்கு அப்படிக் கீதே."

"அது கடவுள் இல்லீங்க. நான்தான்!"

சீயக்காய் கண்ணில் இறங்க, மூன்று கேள்விகளையும் அழாத குறையாக ஒப்பித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு இப்படிக் கத்திக்கினு கீறே?"

"தைரியம் வர்றதுக்குங்க."

"வந்துச்சா?"

குனிந்து என் துண்டைப் பார்த்தேன். "இப்பத்தான் வந்துச்சு போல கீது."

"சரி. எதுக்குப் பயப்படறே?"

தூரத்தில் புகை தெரிந்தது. "இந்த ரயில் வந்துடும்னு."

அவர் சிரிப்பை அடக்க மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். ரயில் வந்தது, ஏறினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடுத்த வாரம் வர்றேன் தம்பி. அன்னிக்கு நீ குளிக்காதே!" என்றார்.

குளிக்கவில்லை. கல்யாணம் நடந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு வரன் பார்த்தாலும் எனக்குக் குளியல் கிடையாது. போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தபோதும் சரோஜா குளியலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எண்பதைத் தாண்டியவனுக்கு இந்த மரியாதை! கோபத்தில் முணுமுணுத்தேன்.

"உன்ன நம்பி யாருடா கீறாங்க?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "நான்தான் வந்து மாட்டிக்கினு கீறேனே! போய்ச் சட்டையப் போடுங்க."

பேச்சாளர் சொன்னது பொய்யில்லை. பதில் தானாகத்தான் வருகிறது.