பிசாசுக்கு வைத்த கடிகாரம்

“நாலரைன்னு காட்டுதே! நாலரை பஸ் எங்கேய்யா?” என்று கோயில் வாசலில் நின்று கத்தினாள் இங்கிலாந்துக்காரம்மா ஒருத்தி.

விஸ்தின் ஏணியை விட்டு இறங்கவே இல்லை. கோசோ தீவில் அந்த ஊர் மாதா கோயிலின் இரட்டைக் கோபுரங்களில் இருக்கும் இரண்டு கடிகாரங்களுக்கும் இருபத்தாறு வருஷமாகச் சாவி கொடுப்பவர் அவர்தான்.

“இப்ப மணி ஆறரைம்மா. கடைசி பஸ்ஸு போயாச்சு. நீங்க பாத்தது வலப்பக்கக் கோபுரம். அது மனுஷங்களுக்கு இல்லை.”

“பின்னே யாருக்கு?”

“பிசாசுக்கு. பூசை நேரம் தெரியாம அது குழம்பணும்னு ரெண்டு மணி நேரம் பின்னால ஓட விட்டிருக்கோம். உங்களை யாரு அதைப் பாக்கச் சொன்னா?”

அந்த வாரத்தில் இப்படிப் பஸ்ஸை விட்டவர்களில் அவள் ஆறாவது ஆள். ஊர் பேண்டு வாத்தியச் சங்கத் தலைவர் நசியு ஓடி வந்தார்.

“ஊருக்கு இப்பத்தான் நாலு பேரு சுத்திப் பாக்க வர்றாங்க, அதையும் கெடுக்கிறியே! சனிக்கிழமை பத்து மணிக்குப் பட்டணத்து அதிகாரி வர்றாரு. மின்சாரக் கடிகாரம் இலவசமாத் தர்றாராம். ஊர் கை தூக்கினா இந்தப் பீடை காயலான் கடைக்குப் போயிரும்.”

“நான் உசிரோட இருக்கற வரைக்கும் ஒரு திருகாணி கழலாது!” என்றார் விஸ்தின்.

சொன்னாரே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். அந்தக் கடிகாரம் போய்விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? மறுநாளே ‘இது தப்பான நேரம்’ என்று இரண்டு மொழிகளில் பலகை எழுதி மாட்டினார். வந்தவர்கள் எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்து முடிப்பதற்குள் பதினோரு பேர் பஸ்ஸை விட்டார்கள்.

“அப்படியா சேதி?” என்று கடிகார முகத்தில் சிவப்புச் சாயத்தால் இரண்டு கொம்பும் ஒரு வாலும் வரைந்தார். வினை முற்றியது. கொம்பு வைத்த கடிகாரத்தைப் பார்க்கத் தீவு முழுவதும் திரண்டு வந்தது. அன்று பஸ்ஸை விட்ட முப்பது பேர் பேண்டு சங்கக் கூடத்தில்தான் படுத்தார்கள். ஒருவர் பெரிய மேளத்தின்மேல் புரண்டு அதைக் கிழித்தே விட்டார்.

நசியுவுக்கு முகம் சிவந்துவிட்டது. “கொம்பை அழி! பலகையைக் கழட்டு! அதிகாரி வர்றப்ப கடிகாரம் மட்டு மரியாதையா இருக்கணும்!”

“போறதுன்னா மானத்தோட போகட்டும்” என்று விஸ்தின் வெள்ளிக்கிழமை முழுக்கத் தேய்த்தார். கடிகாரம் புதுசு போல மின்னியது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஊரே கூடத்தில் கூடிவிட்டது. முன் வரிசையில் பங்குச் சாமியார். பாதிப் பேர் புதுக் கடிகாரத்தின் பக்கம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பத்தரை. அதிகாரியைக் காணோம்.

பதினொன்று. “எங்க நேரம்னா இளக்காரமா?” என்று பேக்கரிக்காரி சென்சா எழுந்தாள். “அடுப்புல என் ரொட்டி கருகுது!”

பதினொன்றரைக்கு ஊருக்கே பொறுமை போய்விட்டது. “அவன் கடிகாரத்தை அவனே வச்சுக்கட்டும்! நம்ம கடிகாரம் இருக்கணுங்கிறவங்க கை தூக்குங்க!” என்று யாரோ கத்த, எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசியில் நசியுவின் கையும் உயர்ந்தது. விஸ்தின் வெட்கத்தை விட்டு அழுதார்.

நண்பகல் மணி அடித்தபோது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார் அதிகாரி. கறுப்புக் கோட்டு, கூரான தாடி, சிரித்த முகம்.

“வழியில கைக்கடிகாரம் நின்னுபோச்சு. நல்லவேளை, உங்க வலப்பக்கக் கோபுரத்தைப் பாத்துத் திருப்பி வச்சேன். எதிர்க் கடையில உக்காந்து காபி குடிச்சிட்டு, சரியா பத்துக்கு வந்துட்டேன் பாருங்க!”

சென்சா அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“சாமி, ஓடிப்போய்த் தீர்த்தம் எடுத்துட்டு வாங்க! அந்தக் கடிகாரத்தை யாருக்காக வச்சோமோ, அவரு வந்தாச்சு!”