தலைவர் குடிக்காத மோர்

ஆள்பவன் தன் தாகத்தை மறந்து குடிகளின் தாகத்தை நினைக்க வேண்டும் என்ற பேரறத்தை இந்த நூற்றாண்டில் நிலைநாட்டிய பெருமை, பல்லடத்துக்குத் தெற்கே உள்ள செம்மாங்காட்டுப்புதூர்ப் பேரூராட்சியையே சாரும். தவறுதலாகத்தான் நிலைநாட்டியது. அதனால் பெருமை குறைந்துவிடாது.

தவறு கிருபாசங்கருடையது. ஃபிளெக்ஸ் கடை நடத்துபவர். பேரூராட்சித் தலைவர் திருமூர்த்தியின் மேடைப் பேச்சு, பிறந்தநாள் வாழ்த்து, அடுத்தவருக்கான கண்ணீர் அஞ்சலி எல்லாம் இவர் கைவண்ணம். கோடை நீர்மோர்ப் பந்தலுக்காகப் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ் போட்டார். பதினோரு அடியைத் தலைவரின் முகம் எடுத்துக்கொண்டது. மீதி ஓரடி சும்மா கிடந்தது. காலி இடத்தைக் கண்டால் கிருபாசங்கருக்குக் கை நமநமக்கும். எழுதிவிட்டார்:

“மக்கள் அனைவரும் அருந்திய பின்பே எங்கள் தலைவர் அருந்துவார்!”

காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. பதினொன்றே முக்காலுக்கு, மிகச் சரியாக, தலைவர் வந்து சேர்ந்தார். வழக்கம் எளியது. தலைவர் முதல் டம்ளரைக் குடிப்பார், படம் எடுப்பார்கள், பந்தல் ‘திறந்துவிட்டது’ என்று பொருள். அப்புறம் ஜனங்கள் குடிக்கலாம்.

டம்ளரை வாங்கிய தலைவர், ஃபிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார். தன்னுடைய உயர்ந்த குணம் தனக்கே அப்போதுதான் தெரியவந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“நானு குடிக்க மாட்டனுங்க. சொன்னாச் சொன்னதுதான்.”

“நீங்க எங்கீங்க சொன்னீங்க? நாந்தானுங்க எழுதுனேன்” என்று கிருபாசங்கர் காதோரம் கிசுகிசுத்தார். கைதட்டலில் அது மூழ்கிப்போனது.

வரிசையின் முன்னால் நின்றவர் பழைய இரும்புக் கடை ரசாக். தலைவர் டம்ளரை அவரிடம் நீட்டினார். “பாய், நீங்க குடிங்க.”

“ஐயய்யோ, நீங்க குடிக்காம நானுங்களா? நல்லா இருக்காதுங்க.”

“அட, குடிங்கங்கறேன்.”

“நீங்க ஒரே ஒரு வாய் குடிச்சுப்போட்டுக் குடுங்க.”

“நீங்க குடிச்சாத்தானுங்க நானே குடிக்க முடியும்!”

“அதெப்படிங்க? பெரியவங்க நீங்க நிக்கறப்ப...”

மற்ற ஊராக இருந்தால் யாராவது ஒருவர் மரியாதை கெட்டுப் போய்க் குடித்திருப்பார். இது கொங்குச் சீமை. டம்ளர் ஏழு கை மாறி, ஒரு சொட்டும் குறையாமல் மேசைக்கே திரும்பி வந்தது.

நிலைமையின் தீவிரத்தைக் கருதி, பந்தலின் நிழலில் அவசரக் கூட்டம் கூடியது. நிழல் கூட்டத்துக்குத் தேவைப்பட்டதால் மக்கள் வெயிலுக்கு ‘மாற்றியமைக்கப்பட்டார்கள்’. செயல் அலுவலர் லோகப்பிரியா விதியை விளக்கினார்.

“பந்தல் திறக்காம வினியோகம் செய்ய முடியாதுங்க சார். தலைவர் குடிச்சாத்தான் திறந்ததா அர்த்தம்.”

“மக்கள் குடிச்சாத்தானே நான் குடிப்பேன்?”

“மக்கள் ‘அனைவரும்’னு போட்டிருக்குதுங்க. நம்ம பேரூராட்சியில பதினெட்டாயிரம் பேருங்க.”

“எல்லாருக்கும் ஆளனுப்பிக் கூப்புடுங்க.”

வெளியிலிருந்து ரசாக் குரல் கொடுத்தார். “ஏனுங்க தலைவரே, எம் பையன் முஜீப் துபாயில இருக்கறானுங்க. அவன் பேரும் ஓட்டர் லிஸ்ட்ல இருக்குதுங்க.”

முஜீப் எப்போது வருவான் என்று விசாரிக்கப்பட்டது. பக்ரீத்துக்கு என்றார் ரசாக். அதற்குள் மோர் புளித்துவிடுமா என்பதை ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது.

இத்தனை உழைப்பில் தலைவருக்கு நாக்கு வறண்டது. காருக்குள் போய், ஏசியைப் போட்டு, இரண்டு இளநீர் சாப்பிட்டார். இளநீர் கொள்கையின் வரம்புக்குள் வராது என்று கூட்டத்தின் தீர்மானத்தில் முன்கூட்டியே சேர்த்திருந்தார்கள்.

கிருபாசங்கருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான். மீதி இடத்தில் ஆசை இருந்தது. தாம் எழுதிய ஒரு வாசகம் ஓர் ஆட்சியையே நடத்துகிறதே! அதைப் பற்றி நாலு பேர் நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா? வரிசை நெடுக நடந்தார்.

“ஏனுங்க, அந்த வாசகம் எப்படிங்க?”

“நல்லாத்தானுங்க இருக்குது.”

“நல்லான்னா எப்படி?”

“எழுத்துப் பெருசா இருக்குதுங்க. கண்ணாடி இல்லாமயே தெரியுது.”

“தலைவரைப் பத்தி என்ன நெனைக்கறீங்க?”

“அவருக்கென்னங்க, நல்லாத்தானுங்க இருக்கறாரு.”

இருபது பேரைக் கேட்டார். இருபது ‘நல்லாத்தானுங்க’ கிடைத்தன. அந்த ‘தானுங்க’வில் என்னவோ இடறியது. என்னவென்று யாரும் சொல்லவில்லை.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் சாக்கடைத் திட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலையில் முந்தானை, மடியில் காலிக் குடம். உதடு வெடித்திருந்தது. பூவாத்தாள். தலைவரின் கோழிப்பண்ணையில் கூட்டிப் பெருக்குகிறவள்.

“ஏனுங்கக்கா, கொடத்தோட வந்துட்டீங்க?”

“எங்க தெருவுல தண்ணி வந்து பன்னெண்டு நாளாச்சுங்க தம்பி. பந்தல்னாங்க. மோரு கலக்கறதுக்காவது தண்ணி வெச்சிருப்பாங்கன்னு வந்தேன்.”

எழுந்து நிற்க முயன்றாள். முடியவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

கிருபாசங்கர் பந்தலுக்குத் திரும்பி, குழு விவாதத்தில் இருந்த நேரம் பார்த்து, திறக்கப்படாத பானைக்குள் சட்டவிரோதமாக டம்ளரை விட்டார். மொண்டு, மேசையில் கிடந்த ஒரு ஃபைலால் மறைத்துக்கொண்டு வந்து நீட்டினார்.

பூவாத்தாள் யாரிடமும் நீங்க முதல்ல என்று சொல்லவில்லை. ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் வாங்கினாள்.

குடத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவோ என்னவோ, கிருபாசங்கர் பழையபடி ஃபிளெக்ஸைக் காட்டினார். குரல் முன்போல் எழும்பவில்லை.

“அதுல எழுதியிருக்கறதைப் பத்தி நீங்க என்னக்கா சொல்றீங்க?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என்னன்னு எழுதியிருக்குது?”

படித்துக் காட்டினார். பூவாத்தாள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எழுதுனது நீங்களா?”

“ஆமாங்கக்கா.”

“பண்ணையில முப்பதாயிரம் கோழி இருக்குதுங்க தம்பி. லைனுக்கு லைன் குழாய் தொங்குது. மூக்கத் தூக்கித் தட்டுனாத் தண்ணி வந்துருமுங்க, ராத்திரி பகல்னு இல்லாம. யாரும் வந்து திறந்து வெக்கறதில்ல. தலைவரு முன்னால குடிச்சாரா பின்னால குடிச்சாரான்னு அங்க பேச்சே கெடையாது. வெயில்ல ஒரு கோழி சுருண்டு உளுந்தாக் கூட, சட்டையைப் போட மறந்துபோட்டு ஓடியாருவாருங்க மனுசன். நீங்க எங்களை ‘மக்கள்’னு போட்டுட்டீங்க பாருங்க, அங்கதான் தப்பாப் போச்சு. அதை அழிச்சுப்போட்டுக் கோழின்னு எழுதுங்க. நாளைக்கே தண்ணி வந்துரும்.”