எந்த நம்பர் பிளக் போடட்டும்?

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
புதன்கிழமை

சிரஞ்சீவி ஸ்ரீனிவாசனுக்கு அத்திம்பேர் சுந்தரராமன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. போனில் கார் பிளக் என்று ஆரம்பித்தாலே "வண்டியை வித்துடுங்கோ" என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடுதாசி. முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப் நடத்தினவன் நீ, கடைசி வரை படி.

உன் அக்கா விஜிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்பது உனக்குத் தெரியும். ஆட்டோ குலுக்கினால் வாந்தி வருகிறது, நம்ம வண்டியில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். என் டிரைவிங்கில் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. ஆனால் இந்த எண்பத்தாறாம் வருஷத்து வண்டி போன மாதம் மட்டும் நாலு தடவை பாதி வழியில் திணறி நின்றுவிட்டது. நிற்பதும் எங்கே, அட்டக்குளங்கரை சிக்னலில், பின்னால் பஸ்காரன் என் மூதாதையர் எல்லாரையும் விசாரிக்கிற இடத்தில். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தால் நர்ஸ் ஷீஜா, "மாமா, பெட் வேற ஆளுக்குக் கொடுத்துப் போச்சு கேட்டோ, இனி வியாழாழ்ச்ச பார்க்கலாம்" என்கிறாள். அந்த வியாழனும் வண்டி வழியில் நின்றது. சேர்ந்தாற்போல் இரண்டு தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். விஜியின் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது.

மெக்கானிக் சத்தியநேசன், பாறசாலைக்காரன், எஞ்சினில் பொறி வைக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். நாலும் அடுப்புக்கரி. "சாரே, பிளக்குக்குன்னு ஒரு சூடு உண்டு. சூடு கொறஞ்சா கரி பிடிக்கும், கூடினா பிஸ்டன் ஓட்டையாகும். இதுக்குக் கொஞ்சம் சூடான பிளக் வேணும்" என்றான். நான் ஆடிட்டில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டினவன், நம்பர் எனக்குத் தெரியாதா? இருந்தது ஆறு, எட்டு வாங்கி மாட்டினேன். பழையபடி நின்றது. சத்தியநேசன் தலையில் அடித்துக்கொண்டான். "இந்தக் கம்பெனியில நம்பர் கூடினா குளிர்ச்சியாக்கும் சாரே!" சரி, நாலாம் நம்பர் வாங்கலாம் என்று போனால் கடைக்காரன் அது இல்லை என்று வேறு கம்பெனியின் நாலைக் கொடுத்தான். அந்தக் கம்பெனியிலோ நம்பர் குறைந்தால்தான் குளிர்ச்சியாம்! இப்படியும் உலகத்தில் உண்டா சீனு? வீட்டில் ஒரு மனுஷி மூச்சு வாங்கிண்டு உட்கார்ந்திருக்கா, இவன்களுக்கு எண்ணக்கூட ஒரே மாதிரி எண்ணத் தெரியலை. கடைசியில் சத்தியநேசனே சரியான சூட்டு பிளக்காகத் தேடிக் கொண்டுவந்து மாட்டினான். நேத்திக்கு அதுவும் கரி பிடிச்சு நின்னுடுத்து. நான் மட்டும் சாலைக் கம்போளத்துக்குக் காய் வாங்கப் போனா குதிரையாட்டம் ஓடறது. விஜி ஏறினா நிக்கறது. நாப்பத்தொரு கிலோ கூட இல்லைடா அவ, அந்த பாரமா தாங்கலை இதுக்கு? இன்னும் ஒரு படி சூடு ஏத்தினா எஞ்சினே போயிடும்ங்கறான் சத்தியநேசன். போனாப் போகட்டும். எனக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். ராத்திரி அவ மூச்சு விடறதை எண்ணிண்டே படுத்திருக்கேன். பயமா இருக்குடா.

டாக்டருக்கு ரத்தம் அனுப்புவதுபோல் நாலு பிளக்கையும் பஞ்சில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். நுனியைப் பார்த்து, எந்தக் கம்பெனியில் எந்த நம்பர் என்று தெளிவாக எழுதிப் போடு. தாமதம் பண்ணாதே. உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
சுந்தரராமன்

பி.கு. சீனு, அக்கா எழுதறேன். இதை ஒட்டி வைன்னு சொல்லிட்டு அத்திம்பேர் குளிக்கப் போயிருக்கார். பிளக்கெல்லாம் நன்னாத்தான் இருக்கு. காலம்பற வண்டியைக் கிளப்ப சோக்குன்னு ஒரு குமிழை இழுப்பாரே, அது எனக்குக் கை எட்டற இடம்தான். போற வழியில தலைப்பால மூடிண்டு அதை இழுத்து வெச்சுடறேன். பெட்ரோல் எக்கச்சக்கமாப் போய் பிளக்ல கரி படிஞ்சு வண்டி திணறி நிக்கும். நின்னதும் உள்ளே தள்ளிடுவேன். எனக்குப் போறும்டா. நாலு மணி நேரம் அந்த ஊசி, அப்புறம் மறுநாள் பூரா வாந்தி. இனிமே வரலைன்னு சொன்னா இவர் உடைஞ்சு போயிடுவார். இப்போ கோபமெல்லாம் வண்டி மேல, அது அப்படியே இருக்கட்டும். இவர்கிட்ட வாயைத் திறந்தியோ, நான் உனக்கு அக்காவே இல்லை. எந்தக் கடையிலயும் கிடைக்காத நம்பரா ஒண்ணு எழுதிப் போடு. தேடிண்டு இருக்கட்டும்.