முப்பத்தைந்து வயதுத் தாத்தா

"பையன் வரலியா, தாத்தா?" என்று கேட்டாள் ஆதார் மையத்துப் பொன்செல்வி.

கிருபைராஜ் திரும்பிப் பார்த்தான். பின்னால் தாத்தா யாரும் இல்லை.

அவனுக்கு வயது முப்பத்தைந்து. தினமும் காலையில் பாளையங்கோட்டையில் கைப்பந்து ஆடுகிறவன். மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சலோடு வந்த தடிப்பு, போகும்போது தோலை இழுத்துப் பிடிக்கும் நார்களையும் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து கன்னமும் கழுத்தும் தொங்கிவிட்டன. அடுத்த மாதம் அரசுத் தேர்வு. வயது வரம்புப்படி இதுவே கடைசி வாய்ப்பு. ஆதார் அட்டையிலுள்ள பழைய படத்தை மாற்றாமல் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

"இது நான்தாம்மா" என்று அட்டையை நீட்டினான்.

"உங்க சாடைதான். ஆனா அவரு நேர்ல வரணும்லா."

கைரேகை வைக்கிறேன் என்றான். கருவி பழுதாகிக் கிடந்தது.

மறுநாள் சாட்சிக்கு மனைவி ரீபாவைக் கூட்டிவந்தான். மகளைக் கூட்டிவந்தாலும் செல்லாது, பையன்தான் வரவேண்டும் என்றாள் பொன்செல்வி.

"இவுக எங்க வீட்டுக்காரர்" என்றாள் ரீபா.

வரிசை மொத்தமும் திரும்பியது. ஒருவர் ரீபாவைத் தனியே அழைத்து, கட்டாயக் கல்யாணமா, காவல் நிலையத்தில் தனக்கு ஆள் உண்டு, பயப்படாமல் சொல் என்றார். வீடு வரும்வரை ரீபா சிரித்துக்கொண்டே வந்தாள். அவன் ராத்திரிச் சாப்பாடு வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் தோல் மருத்துவரின் கடிதத்தோடு போனான். பொன்செல்வி அதை இரண்டு முறை படித்தாள். சரியாகி வந்திருந்த கருவியில் அவன் விரலை வைக்க, ரேகை ஒத்துப்போனது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, படமெடுக்கப் போகச் சொன்னாள். ஆனால் கை நீட்டியது முதியோர் வரிசையை. அவனும் போய் அதிலேயே நின்றான்.

அங்கே அவனுக்குப் பின்னால் ஒரு கிழவி தனியாக நின்றாள். பாவமாக இருந்தது.

"ஆச்சி, நீங்க முன்னால போங்க."

அவள் அவன் கையிலிருந்த கடிதத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இதே சீட்டு எங்கிட்டயும் இருக்குண்ணே. எனக்கு முப்பத்தொண்ணுதான். இந்த வரிசைல சீக்கிரம் வேல முடியுதுன்னு நான் வெளிய காட்டிக்கிடுததில்ல."