பொய்ப் பணத்துக்கு நிஜப் புடவை

ஸ்ரீரங்கம்,
மாசி 12

சௌபாக்யவதி யமுனாவுக்கு, உன் மன்னி அரவிந்தவல்லியின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே உன் அண்ணாவின் முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. கைலாசபுரத்தில் நீங்கள் எல்லோரும் முழங்கால் உள்பட சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நீ செய்த உபகாரத்துக்கு நன்றி சொல்லத்தான் இது. போன வருஷம் உன் அண்ணா, ரிட்டயர் ஆகி வந்த பதினெட்டு லட்சத்தையும் ஒரு மிக்ஸிக் கம்பெனி ஷேரில் போடக் கிளம்பினாரே, சித்திரை வீதியில் அவரோடு வாக்கிங் போகிற ஜனார்தன் சொன்னாராம், நம்மாத்தில் இருக்கிற அதே கம்பெனி மிக்ஸி பதினாலு வருஷமா ரிப்பேர் ஆகலையாம், அதுவே சாட்சியாம். அன்றைக்கு நீதான் என் போனில் அந்த ஷேர் பயிற்சி ஆப்பைப் போட்டு, "மன்னி, இதுல விலை நிஜம், பணம் மட்டும் பொய். பத்து லட்சம் குடுத்திருக்கான். முதல்ல இதுல போட்டுப் பாருங்கோ" என்றாய். நானும் சன்னதியில் தாயாரைச் சேவித்துவிட்டு பத்து லட்சத்தையும் அந்த மிக்ஸி ஷேரிலேயே போட்டேன். ஒரே மாசத்தில் பத்து எட்டே முக்காலாச்சு. பொய்ப் பணம் என்று தெரிந்தும் எனக்குச் சாதம் இறங்கவில்லை. உன் அண்ணா நிஜப் பணத்தை அப்படியே பேங்கில் டெபாசிட் போட்டார். அப்போது போனில் கேட்டாயே, "எல்லாராத்து மிக்ஸியும் பதினாலு வருஷம் ஓடினா, புதுசை யாரு மன்னி வாங்குவா?" பாதிப் பாடம் அதிலேயே புரிஞ்சுபோச்சு. அப்புறம் மிச்சப் பொய்ப் பணத்தை ஆறு இடத்தில் பிரிச்சுப் போட்டு, எதை ஏன் வாங்கினேன்னு நோட்டில் எழுதி, வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்துண்டு வந்தேன். பதற்றத்தில், பத்து லட்சம் திரும்பினால் தாயாருக்குப் பட்டுப்புடவை சாத்தறேன்னு வேண்டிண்டும் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை பத்து லட்சத்து நானூறு.

"பொய்ப் பணத்துக்கு நிஜப் புடவையாடி?" என்கிறார் உன் அண்ணா.

"வேண்டிண்டது பொய் இல்லையே" என்றேன்.

ஒன்பதாயிரத்தில் எடுத்து நேற்று சமர்ப்பிச்சாச்சு. வருஷம் முழுக்க நிஜமா கரைஞ்சது அது ஒண்ணுதான். டெபாசிட்டில் ஒரு ரூபாய் குறையலை. எல்லாம் உன்னால். தாயார் உன்னைத் தீர்க்க சுமங்கலியாய் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அரவிந்தவல்லி

பி.கு.: இதை எழுதி முடித்து இரண்டு நாளாச்சு, தபாலில் சேர்க்கவில்லை. அதற்குள் உன் அண்ணா வாயைத் திறந்தார். அவர் போனிலும் அந்த ஆப் இருக்காம். பத்து லட்சத்தையும் மிக்ஸியிலேயே போட்டுவிட்டு, விட்டது மீண்டால் நூற்றெட்டு பேருக்குத் ததீயாராதனச் சாப்பாடு என்று வேண்டிண்டாராம். மீண்டுடுத்தாம். சாப்பாட்டுச் செலவுக்கு டெபாசிட்டை உடைச்சாச்சு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட வந்துடுங்கோ. சாத்தமுதுப் பொடி அரைக்கப் போட்டேன், பதினஞ்சு வருஷம் ஓடின அந்த மிக்ஸி நின்னுபோச்சு. புதுசு வாங்க அவரே கிளம்பிப் போயிருக்கார். அதே கம்பெனிதான். "இப்போ பாரு, ஷேர் ஏறும்" என்று சொல்லிக்கொண்டே போனார்.