கட்டட அனுமதி பெற்ற இணையதளம்

பிஷ்கெக் நகரத்துப் பாசன அலுவலகம் ஒன்றுக்கு இணையதளம் இருந்தது. வாய்க்கால் மதகை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று விவசாயிகளுக்கு விளக்கும் முந்நூறு பக்கங்கள். பராமரிப்பவள் ஜிபார். எழுத்தைத் திருத்திப் பொத்தானைத் தட்டினால், கணினி எல்லாப் பக்கத்தையும் புதிதாகக் கட்டி, அறுந்த இணைப்பு உண்டா என்று பார்த்து, வெளியே ஏற்றிவிடும். இரண்டு நிமிட வேலை. தேநீர்கூட ஆறாது.

மே மாதம் ஜிபார் கைதவறி, மதகை மூட "வலப்பக்கம் சுற்றவும்" என்பதை "இடப்பக்கம்" என்று ஏற்றிவிட்டாள். மறுநாளே தாஷ்-அரிக் கிராமத்தில் பீட்ரூட் வயல் குளமானது. பதறிப்போய் இயக்குநர் தொல்குன்பெக்கிடம் ஓடினாள். அந்த ஊரில் மூத்த ஆண்களை 'பைக்கே', அதாவது அண்ணே, என்றுதான் அழைப்பார்கள்.

"பைக்கே, ஒரே ஒரு சொல்லுதான் தப்பு. மாத்திட்டு மறுபடி கட்டிடறேன்."

"என்ன பண்ணப்போறே?"

"கட்டப்போறேன்."

"எத்தனை பக்கம்?"

"முந்நூறு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரச் சுற்றறிக்கையைப் படிக்கலையா? அரசாங்கம் எதைக் கட்டினாலும் கட்டட அனுமதி வாங்கணும்."

"அது கட்டடத்துக்கு பைக்கே. இது இணையதளம்."

"'இணையதளம் நீங்கலாக'ன்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. தவறு தன்னுடையது என்பதால் ஜிபார் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தாள். விண்ணப்பம் மேற்படி பொருள் தொடர்பாக, உரிய வழியில், ஏழு மேசைகளுக்குப் பயணப்பட்டது.

அதற்குள் தாஷ்-அரிக்கிலிருந்து எர்கெஷ் என்ற விவசாயி தொலைபேசியில் கத்தினார். "வலப்பக்கம் சுத்துங்க பைக்கே," என்றாள் ஜிபார்.

"வாயால சொன்னா ஆச்சா தங்கச்சி? எழுத்துல இடப்பக்கம்னு இருக்கே!"

மூன்றாம் வாரம் நிலநடுக்க ஆய்வாளர் வந்தார்.

"எத்தனை மாடி?"

"மாடியே கிடையாதுங்க."

"தரைத்தளம் மட்டும்," என்று எழுதிக்கொண்டார். "ஆடுமா?"

"ஆடாதுங்க. கணினிக்காரங்க பாஷையில இதுக்குப் பேரே நிலையான தளம்."

ஆய்வாளர் முகம் மலர்ந்தது. இவ்வளவு நேர்மையான கட்டுமானத்தை அவர் பார்த்ததே இல்லையாம். எப்பேர்ப்பட்ட நடுக்கத்தையும் தாங்கும் என்று அங்கேயே முத்திரை குத்தினார். அடுத்து தீயணைப்பு அதிகாரி.

"அவசர வழி எங்கே?"

"வலது மூலையில பெருக்கல் குறி இருக்கு பாருங்க."

தட்டிப் பார்த்தார். பக்கம் மறைந்தது. "உடனே வெளியேற முடிகிறது" என்று சான்றளித்தார்.

நாற்பத்தோராம் நாள் அனுமதி வந்தது. திறப்பு விழா இல்லாத கட்டடம் உண்டா? விசைப்பலகைக்குச் சிவப்பு நாடா கட்டினார்கள். இயக்குநர் கத்தரித்துவிட்டு, "நவீனத்தை நோக்கி நமது துறையின் மாபெரும் அடி இது!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கியதும் ஜிபார் பொத்தானைத் தட்டினாள். இரண்டு நிமிடத்தில் "வலப்பக்கம்" உலகுக்கு வந்தது. நாற்பத்தொரு நாள் பாரம் நெஞ்சைவிட்டு இறங்கியது. எல்லோரும் எண்ணெயில் பொரித்த போர்சொக் பலகாரம் தின்ன அடுத்த அறைக்குப் போனார்கள்.

சாயங்காலத்துக்குள் தொலைபேசி அடித்தது. எர்கெஷ்தான்.

"எவன் தங்கச்சி இதை மாத்தினது?"

"தப்பா இருந்துச்சு பைக்கே, திருத்திட்டோம்."

"அரசாங்கம் எழுதினது ஒரு மாசமா அப்படியே நிக்குதுன்னா அதுதானே சரி? ஊர்கூடிப் பேசி, வெல்டிங்காரனைக் கூட்டியாந்து, பன்னிரண்டு மதகையும் இடப்பக்கம் மூடற மாதிரி மாத்தி வச்சோம்! இன்னிக்கு என் மச்சான் உங்க பக்கத்தைப் பார்த்துட்டு வலப்பக்கம் சுத்திட்டான். பீட்ரூட் மிதக்குது!"

ஜிபார் தொலைபேசியை வைத்தாள். அறையில் யாரும் இல்லை. திரை திறந்தே இருந்தது. ஒரு சொல், ஒரு பொத்தான், இரண்டு நிமிடம்.

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நான்கு பக்கமும் ஓரம் மடித்து, அழகான கையெழுத்தில் எழுதத் தொடங்கினாள்: "மதிப்பிற்குரிய ஐயா, கட்டட அனுமதி வேண்டி…"